நடவுக்கு எது? ஒரு கோட்டை வயலும் மூன்று பேர் கணக்கும்

இந்தப் பிசானத்துக்கு, அதாவது ஐப்பசி கார்த்திகை மழையை ஒட்டி வருகிற நெல் பருவத்துக்கு, எப்படி நடுவது என்ற பேச்சு எங்கள் வீட்டில் ஆவணியிலேயே தொடங்கிவிட்டது. சேரன்மகாதேவிக்குப் பக்கத்தில், கன்னடியன் கால்வாய்ப் பாசனத்தில் எங்களுக்கு ஒரு கோட்டை விதைப்பாடு இருக்கிறது. வெளியூர்க்காரர்களுக்குச் சொல்வதானால் ஒன்றரை ஏக்கருக்குச் சற்று மேல். பெரிய வயல் இரண்டு, ஓடைக்கரை ஓரமாக வளைந்து வளைந்து கிடக்கிற சின்ன வயல் மூன்று. அப்பா போன பிறகு அண்ணன்தான் பார்க்கிறான். அம்மையும் மதினியும் பிள்ளைகளும் அங்கே. நான் வாக்கப்பட்டுப் போனது பாளையங்கோட்டைக்கு. ஆனாலும் விதைப்பு, அறுப்பு என்றால் ஊருக்குப் போய்விடுவேன்.

அண்ணன் எந்திர நடவு என்றான். அம்மை கை நடவை விடமாட்டேன் என்றாள். ஊருக்கு வந்த வேளாண்மை அலுவலர் ஒருவர் ஒற்றை நாற்று நடவைச் சொல்லிவிட்டுப் போயிருந்தார். பக்கத்து வயல்காரர் கார் பருவத்தில், அதாவது பிசானத்துக்கு முந்தின போகத்தில், டிரம் சீடர் என்ற விதைப்புக் கருவியை இழுத்து நன்றாக விளைந்தது என்றார். ஆக நாலு வழி. மதினியிடம் யாரும் கேட்கவில்லை. நானும் கேட்கவில்லை, முதல் நாள்.

விளைச்சல் எவ்வளவு, செலவு எவ்வளவு, எத்தனை ஆள் என்று இந்த நாலையும் ஒப்பிட்டு எழுதியவை நிறையக் கிடைக்கும். எல்லாம் கடைசியில் ‘குடும்பத்துக்கு லாபம்’ என்று ஒரே வரியில் முடியும். குடும்பம் என்பது ஒரே சுருக்குப்பையா? எங்கள் வீட்டில் நெல் விற்ற பணம் அண்ணன் கையில் இருக்கும். பால் காசு அம்மையிடம். பீடிக் கூலி மதினியிடம். வயலுக்கு ஒரு எந்திரம் வந்தால் ஒரு கையில் மிச்சமாவது இன்னொரு கையில் குறையலாம். அதனால் நாலு முறையையும் எடுத்துவைத்து, யார் முதுகு, யார் காசு, யார் நேரம் என்று தனித்தனியாகப் போட்டுப் பார்த்தோம். எங்களைப் போலச் சின்ன வயல்காரர் வீடுகளுக்கு இந்தக் கணக்கு உதவும் என்றுதான் எழுதுகிறேன்.

கை நடவு

இதை எல்லாரும் அறிவோம். ஏக்கருக்கு 24 முதல் 30 கிலோ விதை, 8 சென்ட் நாற்றங்கால். குறுகிய கால ரகமென்றால் 25 நாளுக்குள் நாற்றைப் பறித்து நடவேண்டும். நாற்றுப் பறித்து முடி கட்டுவது எங்கள் பக்கம் ஆண்கள் வேலை. தொளியில், அதாவது உழுது கலக்கிய சேற்றில், குனிந்து நடுவது முழுக்கப் பெண்கள் வேலை. ஏக்கருக்குப் பதினைந்து பேராவது வேண்டும். குனிந்த முதுகு நிமிர்வது நாற்று முடியை எடுக்கும்போது மட்டும்தான். சேற்றுப்புண், இடுப்பு வலி, மாதவிலக்கு நாட்களில் தொளிக்குள் நிற்கிற அவதி எல்லாம் அந்தக் கூலிக்குள் அடக்கம் என்று எல்லாரும் வைத்துக்கொண்டிருக்கிறோம்.

ஆள் கிடைப்பதில்லை என்பதுதான் பெரிய குறை. நூறு நாள் வேலைக்குப் போகிறவர்களில் பெரும்பாலும் பெண்கள். டவுன் பஸ்ஸில் பெண்களுக்கு இலவசம் ஆன பிறகு, அதிகக் கூலி கிடைக்கிற ஊருக்கு நடவு செட்டு, அதாவது சேர்ந்து நடப் போகிற பெண்கள் கூட்டம், பஸ் ஏறிப் போய்விடுகிறது. இதை வயல்காரர்கள் குறையாகச் சொல்லும்போதெல்லாம் எனக்குச் சரியாகப் படுவதில்லை. அவர்களுக்குப் பேரம் பேச வழி பிறந்திருக்கிறது, பேசுகிறார்கள்.

அம்மை இதை விடமாட்டேன் என்றதற்குக் காரணம் பழக்கம் மட்டும் இல்லை. நடவு செட்டுக்குச் சொல்லி அனுப்புவது அம்மை. எத்தனை பேர், எத்தனை மணிக்கு, கூலி என்ன, காப்பி யார் போடுவது, முதல் முடி யார் நடுவது என்பதெல்லாம் அவள் பேச்சு. அப்பா இருந்தபோதும் அப்படித்தான். சாகுபடியில் அம்மையின் சொல் எடுபட்ட ஒரே இடம் அது. எந்திரம் வந்தால் போனில் பேசி நாள் குறிப்பது அண்ணன். அம்மை அன்று வீட்டில் இருந்தாலும் ஒன்றுதான், இல்லாவிட்டாலும் ஒன்றுதான். இந்த இழப்பை எந்தச் செலவுக் கணக்கிலும் எழுத இடம் இல்லை. ஆனால் அம்மை ‘மிஷின் நட்டா தூர் கட்டாது’ என்று சொல்லும்போது பயிரைப் பற்றி மட்டும் பேசவில்லை என்பது எனக்குப் புரிந்தது.

அறுப்பு மிஷின் வந்த காலத்தில் இந்தப் பேச்சே எழவில்லை. ஒரு வருசம் அரிவாளோடு பெண்கள் வந்தார்கள், சில வருசத்தில் யாரும் வரவில்லை. அறுப்புக் கூலி போயிற்று, தாள்க்கதிர் பொறுக்குவது போயிற்று, மாட்டுக்கு வைக்கோல் நசுங்கிப்போய் வந்தது. வைக்கோல் கெட்டதை முதலில் சொன்னது மாடு பார்க்கிற அம்மை. அப்போது யார் கேட்டார்கள்?

ஒற்றை நாற்று

இதற்கும் எங்கள் தாமிரபரணி ஆற்றுக்கும் நல்ல உறவு உண்டு. தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகம் 2003-04இல் இந்த முறையை விவசாயிகளின் வயலிலேயே போட்டுப் பார்த்தபோது, காவிரிப் பாசனத்தில் ஒரு நூறு வயலும் தாமிரபரணிப் பாசனத்தில் ஒரு நூறு வயலும் எடுத்தார்கள். தாமிரபரணியில் வழக்கமான நடவு ஹெக்டேருக்கு ஐந்தரை டன் சொச்சம் கொடுத்த இடத்தில் இது ஏழு டன்னைத் தாண்டியது. விதை ஏக்கருக்கு 3 கிலோ போதும். நாற்றங்கால் 1 சென்ட். 14 நாள் நாற்றை ஒற்றையாக, சதுரத்துக்குச் சதுரம் 22.5 சென்டிமீட்டர் விட்டு நடவேண்டும். பத்து நாளைக்கு ஒரு தடவை கோனோ வீடர் என்ற கையால் தள்ளும் களைக்கருவியை உருட்டினால் களை மண்ணுக்குள் அமுங்கி உரமாகிறது, வேர் காற்று வாங்குகிறது.

இத்தனை நல்லது இருந்தும் எங்கள் தெருவில் இரண்டு மூன்று போகம் செய்துவிட்டு விட்டவர்கள்தான் அதிகம். காரணம் கேட்டால் ஆண்கள் ‘தண்ணி நம்ம கையில இல்லையே’ என்பார்கள். உண்மைதான். நிலத்தில் மயிர்க்கோடாக வெடிப்பு விழுந்த பிறகு லேசாகத் தண்ணீர் கட்டவேண்டும் என்பது முறை. கால்வாயில் முறை வைத்து விடும்போது அது நம் விருப்பப்படி நடக்காது. பிசானத்தில் இன்னொரு சிக்கல், ஐப்பசி கார்த்திகை மழையில் பள்ளத்து வயலில் தண்ணீர் வடியாது. சின்ன நாற்று அழுகிப்போகும். 2023 டிசம்பரில் பெய்த மழையில் பெரிய பயிரே மூழ்கிக் கிடந்ததை எல்லாரும் பார்த்தோம்.

பெண்களிடம் கேட்டால் வேறு காரணம் வரும். பழைய நடவில் களை எடுப்பது பெண்கள். கூலி குறைவு, ஆனால் நாலைந்து நாள் நிச்சயமான வேலை. கோனோ வீடர் வந்ததும் அது ஆண்கள் கைக்குப் போனது, கூலியும் ஏறியது. அதே களை, அதே வயல். கையால் பிடுங்கினால் பெண் கூலி, கருவியால் உருட்டினால் ஆண் கூலி. மதினி ஒரு தடவை உருட்டிப் பார்த்திருக்கிறாள். சேற்றில் தள்ளி இழுத்துத் தள்ளி இழுத்து, அரை மணி நேரத்தில் தோள் இற்றுப்போனது என்றாள். கைப்பிடி அவள் நெஞ்சு உயரத்துக்கு நின்றது. அந்தக் கைப்பிடியை இறக்கி வைக்கலாம் என்று யாரும் அவளுக்குச் சொல்லவில்லை. இறக்கிப் பொருத்தும் வசதியுள்ள கருவியும், எடை குறைந்த ஒற்றை உருளைக் கருவியும் கிடைக்கின்றன. வாங்கப் போகிறவர் ஆணாக இருந்தால் தன் உயரத்துக்குத்தான் பார்த்து வாங்கி வருவார்.

நடுகிற பெண்களுக்கும் இது முதலில் பிடிக்காது. விரல் நீள நாற்றை விதையும் மண்ணும் ஒட்டியிருக்க மெல்ல எடுத்து மேலாக வைக்கவேண்டும். குத்து குத்தாக ஊன்றிப் பழகிய கைக்கு அது நேரமாகும். அதே கூலிக்கு ஏன் செய்யவேண்டும்? பழகிய செட்டுக்குக் கொஞ்சம் கூட்டிக்கொடுத்தால் செய்கிறார்கள். கொடுக்க மனமில்லாதவர்கள்தான் ‘பொம்பளையாளுகளுக்குச் சொன்னாப் புரியாது’ என்கிறார்கள்.

என் முடிவு: மேட்டு வயலும், தண்ணீரைத் தானே கட்டுப்படுத்துகிற கிணற்றுப் பாசனமும் உள்ள வீட்டுக்கு, கார் பருவத்தில், இதைவிட நல்ல வழி இல்லை. எங்கள் ஓடைக்கரை வயலுக்குப் பிசானத்தில் ஒத்துவராது.

டிரம் சீடர்

இதைச் சீக்கிரம் சொல்லிவிடலாம். ஊறவைத்து முளை கட்டிய விதையைத் துளை போட்ட நாலு டப்பாக்களில் நிரப்பி, சமமாக மரம் அடித்த தொளியில் இழுத்துக்கொண்டு போனால் எட்டு வரிசையில் விதை விழும். நாற்றங்காலும் இல்லை, பறிப்பும் இல்லை, நடவும் இல்லை. ஒரு வாரம் பத்து நாள் முன்னதாகவே அறுப்புக்கும் வந்துவிடும். அம்பை 16 மாதிரி 110, 115 நாள் ரகத்தில் அது பெரிய விஷயம், கார் கடைசியில் கால்வாயில் தண்ணீர் வரத்து நின்றுபோகிற சமயத்தில் பயிரைக் காப்பாற்றும்.

கெடுதல் களை. நெல்லும் களையும் ஒரே நாளில் முளைக்கும். களைக்கொல்லியைச் சரியான நாளில் அடிக்காவிட்டால் அப்புறம் வீட்டுப் பெண்கள் தினமும் வயலில் குந்தவேண்டியதுதான். நடவில் மிச்சமான முதுகு வலி களையெடுப்பில் திரும்பி வருகிறது. அதுவும் கூலி இல்லாமல். ஏனென்றால் ‘கொஞ்சக் களைதானே, நீங்களே எடுத்திருங்க’ என்பது வீட்டில் எளிதாக வருகிற வார்த்தை. முதல் ஒரு வாரம் குருவி விரட்டவும் ஆள் வேண்டும். விதைத்த நாலாம் நாள் பெருமழை பெய்தால் விதை ஒரு மூலையில் ஒதுங்கிவிடும். வடகிழக்குப் பருவமழையை நம்பி விதைக்கிற பிசானத்தில் இதற்கு நான் துணிய மாட்டேன்.

எந்திர நடவு, அல்லது ஒரே நாளில் முடிந்த வேலை

அண்ணனுக்கு இதில்தான் மனசு. போன காரில் பெரிய வயல் இரண்டிலும் எந்திரத்தால் நட்டான். அதைப் பற்றி அவன் சொல்வது இது: காலையில் வண்டி இறங்கியது, மதியச் சாப்பாட்டுக்குள் முடிந்தது, இருபது பேருக்குக் காப்பி வடை வாங்கவில்லை, யாரையும் கெஞ்சவில்லை. எல்லாம் நிஜம். அவன் பொய் சொல்லவில்லை.

மதினியிடம் நான் தனியாகப் போய் உட்கார்ந்தது இரண்டாம் நாள். அன்று காலையில் எல்லாரும் இருக்கும்போது கேட்டதற்கு ‘உங்க இஷ்டம்’ என்று சொல்லிவிட்டு எழுந்து போனாள். மாமியாரும் புருசனும் ஆளுக்கொரு பக்கம் நிற்கும்போது அவள் வேறு எதைச் சொல்வாள்? அன்று மத்தியானம் திண்ணையில் சுளகை மடியில் வைத்துப் பீடி சுற்றிக்கொண்டிருந்தாள். இலையை வெட்டி, தூளைப் பரப்பி, சுருட்டி, நூலைக் கட்டி, வாயை மடித்து அடைக்கிற வரை கை ஒரு நொடி நிற்கவில்லை. நான் ‘எது நல்லது மதினி?’ என்று கேட்கவில்லை. ‘போன தடவை மிஷின் நடவுக்கு நாத்து யாரு போட்டது?’ என்று கேட்டேன். கை நின்றது.

“ஒங்க அண்ணனுக்கு ஒரு நாளு வேல. எனக்கு இருவது நாளு.”

எந்திரத்துக்கு நாற்றங்கால் நாற்று உதவாது. பிளாஸ்டிக் தட்டிலோ, தரையில் விரித்த ஷீட்டிலோ சலித்த மண்ணும் மட்கிய எருவும் கலந்து பரப்பி, முளை கட்டிய விதையை நெருக்கமாகத் தூவி வளர்க்கவேண்டும். வேர் ஒன்றோடொன்று பின்னி, பத்தமடைப் பாய் மாதிரி சுருட்டி எடுக்க வரவேண்டும். 15 முதல் 18 நாளில் நட்டுவிடவேண்டும். ஏக்கருக்கு நூறு தட்டுக்குப் பக்கத்தில் ஆகும். எங்கள் வீட்டில் புறவாசலில்தான் தட்டு அடுக்கினார்கள். மண் சலித்தது மதினியும் அம்மையும். காலை, உச்சி, சாயங்காலம் மூன்று வேளையும் பூவாளியால் தெளித்தது மதினி. வேகமாக ஊற்றினால் விதை ஒதுங்கும், ஒரு வேளை விட்டால் ஓரம் காயும். அணில், குருவி, அடுத்த வீட்டுக் கோழி எல்லாவற்றையும் விரட்டவேண்டும். புறவாசலை விட்டு நகர முடியாது, அதே நேரம் உட்கார்ந்து சுற்றவும் முடியாது.

அதற்கு மேல் எந்திரம் சொன்ன நாளில் வரவில்லை. வாடகைக்கு விட்டவர் வேறு ஊரில் மாட்டிக்கொண்டார், ஐந்து நாள் தள்ளிப்போனது. நாற்று உயர்ந்து, வேர் தட்டோடு பிடித்து, எந்திரத்தின் விரலில் சரியாகச் சிக்கவில்லை. நட்ட வயலில் இங்கொரு திட்டு அங்கொரு திட்டு வெற்றிடம். மூலைகளில் எந்திரம் திரும்பவே இல்லை. விடுபட்ட இடத்திலெல்லாம் நாற்று ஊன்றியது அம்மையும் மதினியும், நாலு நாள். யாருக்கும் கூலி இல்லை.

ஒரு நாளைக்கு எழுநூறு பீடி சுற்றுகிறவள் அந்த நாட்களில் நானூறைத் தாண்டவில்லை. இருபது நாளுக்கு வைத்துக்கொண்டாலும் ஆறாயிரம் பீடி. பீடிக் கூலி ஆயிரத்துக்கு இத்தனை என்றுதான் கணக்கு; அப்படியானால் ஆறு ஆயிரத்தின் கூலி அவள் கையை விட்டுப் போயிற்று. பிள்ளைகளின் ஸ்கூல் வேன் காசு அதில்தான் போகிறது. எந்திர நடவின் செலவுச் சீட்டை அண்ணன் எனக்குக் காட்டினான். வாடகை, டீசல், விதை, தட்டு வாடகை எல்லாம் இருந்தது. இந்த ஆறாயிரம் பீடி இல்லை. விடுபட்ட இடம் ஊன்றிய எட்டு ஆள் சம்பளமும் இல்லை. இரண்டையும் சேர்த்து எழுதிப் பார்த்தபோது கை நடவைவிட மிச்சமானது என்று அவன் சொன்ன தொகையில் பெரும்பகுதி கரைந்துபோனது.

அண்ணன் அந்தச் சீட்டை ரொம்ப நேரம் வைத்துப் பார்த்தான். “ஏட்டி, இத அவ எங்கிட்ட சொல்லவே இல்லையே” என்றான். அவள் சொல்லாதது உண்மை. எந்திரத்துக்கு முன்பணம் கொடுத்துவிட்டு வந்துதான் அவன் வீட்டில் சொன்னான். முன்பணம் கொடுத்த பிறகு என்னத்தைச் சொல்வது? ஆண்கள் இந்த முடிவுகளை டீக்கடையிலும் சொசைட்டி வாசலிலும் உரக்கடையிலும் எடுத்துவிடுகிறார்கள். வீட்டுக்குச் செய்தியாகத்தான் வருகிறது. யாரும் ஒளித்துச் செய்வதில்லை. பேச்சு நடக்கிற இடத்தில் பெண்கள் இல்லை, அவ்வளவுதான். அதனால் எந்தத் தொழில்நுட்பமானாலும் முன்பணத்துக்கு முந்தின நாள் வீட்டில் பேசுங்கள் என்பதை மட்டும் நான் அடித்துச் சொல்வேன்.

இதில் இன்னொன்றும் இருக்கிறது. ஒவ்வொரு பிசானத்துக்கும் உழவுச் செலவுக்காகக் கூட்டுறவுச் சங்கத்தில் அடகு போவது மதினியின் சங்கிலி. அறுப்பு முடிந்து மீட்கிற வரை கழுத்தில் கவரிங். முதலீடு அவளுடையது. எதில் முதலீடு என்ற பேச்சில்தான் அவள் இல்லாமல் இருந்தாள்.

எந்திரத்தை நான் வேண்டாம் என்று சொல்லவில்லை. வயல் பெரிதாக, சதுரமாக, சமமாக இருந்தால், தொளி ஒன்றிரண்டு நாள் படிந்து மேல் தண்ணீர் மட்டாக இருந்தால், நாற்று சரியான வயதில் இருந்தால் அது நடுகிற அழகே தனி. நேர் வரிசை, 30 சென்டிமீட்டர் இடைவெளி, ஒரு பக்கமாக வீடரும் உருட்டலாம். ஆள் கிடைக்காமல் நாற்று முற்றிப்போகிற பயம் இல்லை. தொளியில் குனிகிற முதுகு உண்மையிலேயே மிச்சமாகிறது. புறவாசல் நாற்றை யார் பார்ப்பது என்ற கேள்விக்குப் பதில் இருக்கவேண்டும், அதுதான் விஷயம்.

நடவு செட்டுப் பெண்களின் பக்கம் நின்று பார்த்தால் கணக்கு வேறு. மதினியின் முதுகு மிச்சமாவது அவர்களின் கூலி போவது. அவர்களுக்கு நிலம் இல்லை, இந்தக் கூலியும் நூறு நாள் வேலையும்தான். ஒரே எந்திரம் ஒரு பெண்ணுக்கு ஓய்வு, இன்னொரு பெண்ணுக்கு வேலையிழப்பு. இரண்டையும் சேர்த்துப் ‘பெண்களுக்கு நல்லது’ என்று என்னால் எழுத முடியவில்லை. அம்மை இதை நடைமுறையாகச் சொன்னாள்: ஒரு போகம் அவர்களைக் கூப்பிடாவிட்டால் அடுத்த போகம் மூலை நடவும் களையெடுப்பும் யார் வந்து செய்வார்கள்?

பேர் யாருடையது

ஒரு வீடரோ பவர் வீடரோ சொந்தமாக வாங்கலாமா என்று பேச்சு வந்தபோதுதான் பட்டா ஞாபகம் வந்தது. 2014-15 முதல் நடக்கிற வேளாண் இயந்திரமயமாக்கல் திட்டத்தில் சிறு குறு விவசாயிகள், ஆதிதிராவிடர், பழங்குடியினர், பெண்கள் ஆகியோருக்குப் பாதி விலை மானியம், மற்றவர்களுக்கு 40 விழுக்காடு. நாங்கள் இரண்டரை ஏக்கருக்குள் இருக்கிற குறு விவசாயிகள், யார் பேரில் கேட்டாலும் பாதிதான். ஆகவே ‘பொம்பளை பேர்ல போட்டா மானியம் கூட’ என்பது எங்களைப் போன்றவர்களுக்குப் பொருந்தாது. சிறு குறு விவசாயி இல்லாதவர்களுக்குத்தான் அந்த வித்தியாசம். ஆனால் மானியம் வேண்டுமென்றால் சிட்டா, அடங்கல், சிறு குறு விவசாயி சான்று என்று எல்லாம் விண்ணப்பிக்கிறவர் பேரில் வேண்டும். எங்கள் பட்டா இன்னும் அப்பா பேரில் இருக்கிறது.

இது எங்கள் வீட்டுக் கதை மட்டும் இல்லை. 2015-16 வேளாண் கணக்கெடுப்பில் நாடு முழுவதும் சாகுபடி நிலத்தைத் தம் பொறுப்பில் நடத்துகிறவர்களில் பெண்கள் 14 விழுக்காடு அளவுதான். வயலில் நிற்கிறவர்களை எண்ணினால் அப்படியா வரும்? எம்.எஸ். சுவாமிநாதன் மாநிலங்களவையில் இருந்தபோது 2012இல் பெண் விவசாயிகள் உரிமைக்கென்று ஒரு தனிநபர் மசோதா கொண்டுவந்தார். நிலம் பேரில் இல்லாவிட்டாலும் சாகுபடி செய்கிற பெண்ணை விவசாயி என்று ஏற்றுச் சான்று கொடுக்கவேண்டும் என்பது அதன் கரு. அது சட்டமாகவில்லை.

அப்பா எழுதி வைக்காமல் போனார். அவர் சொந்தமாகச் சம்பாதித்த நிலம் அது. 1956ஆம் ஆண்டு இந்து வாரிசுரிமைச் சட்டப்படியே அம்மைக்கும் அண்ணனுக்கும் எனக்கும் சமபங்கு. பூர்வீகச் சொத்தாக இருந்தால்தான் 1989இல் தமிழ்நாட்டில் வந்த திருத்தம், 2005இல் நாடு முழுவதும் வந்த திருத்தம் என்று பார்க்கவேண்டும். பங்கு இருக்கிறது என்று எனக்குத் தெரியும், அண்ணனுக்கும் தெரியும், இத்தனை வருசம் நாங்கள் அதைப் பேசியதில்லை. பேசினால் உறவு கெடும் என்று நான் நினைத்தேன். கையெழுத்துப் போட்டு விட்டுக்கொடுக்கச் சொல்வான் என்றும் பயம். இப்போது எந்திரத்துக்கும் மானியத்துக்கும் அந்தக் கையெழுத்தே தேவைப்பட்டது. வாரிசுச் சான்று வாங்கிக் கூட்டுப் பட்டாவாக மாற்றிவிடலாம், அம்மை பேர் முதலில் இருக்கட்டும் என்று நான் சொன்னேன். அண்ணன் உடனே பதில் சொல்லவில்லை. ராத்திரி சாப்பிட்டுவிட்டு, “அம்ம பேர்ல விண்ணப்பம் போட்டா அம்ம ஆபீசுக்கு வரணும்லா, கால் வலிக்கும்லா” என்றான். அம்மை, “ஒன் வண்டியில கூட்டிட்டுப் போ” என்றாள்.

எதை எடுத்தோம்

நாலில் ஒன்று என்று எடுக்கவில்லை. பெரிய வயல் இரண்டிலும் எந்திரம். ஆனால் நாற்று நாங்கள் போடவில்லை. எங்கள் பக்கம் நாற்றும் வளர்த்து, எந்திரமும் கொண்டுவந்து, ஏக்கருக்கு இவ்வளவு என்று பேசி நட்டுத் தருகிறவர்கள் இருக்கிறார்கள். காசு கூடுதல். ‘வீட்டில் ஆள் இருக்கும்போது எதுக்கு வெளிய கொடுக்கணும்’ என்று அண்ணன் ஒரு தடவை கேட்டான். மதினி சுளகைக் கீழே வைக்காமலே ஆறு ஆயிரம் கணக்கைச் சொன்னாள். நாற்றின் வயது அவர்கள் பொறுப்பு, நாள் தள்ளிப்போனால் புது நாற்று அவர்கள் தரவேண்டும், முன்பணம் பாதிதான் என்று பேசி முடித்தோம். அந்தப் பேச்சில் மதினி உட்கார்ந்திருந்தாள். நாற்று எத்தனை விரல் உயரம் இருக்கவேண்டும் என்று சொன்னது அவள்தான், போன காரில் அந்தத் தட்டுகளோடு கிடந்தது அவள் என்பதால்.

ஓடைக்கரைச் சின்ன வயல் மூன்றும் கை நடவு, கயிறு பிடித்து வரிசையாக. பழைய செட்டுக்கே அம்மை சொல்லிவிட்டாள். வரிசை நடவுக்கு நேரம் கூடும் என்பதால் கூலியும் கூட்டிப் பேசியிருக்கிறாள். பெரிய வயலில் விடுபட்ட இடம் ஊன்றுவதும் அவர்களே, கூலிக்கு. அது செலவுச் சீட்டில் ஏறியிருக்கிறது. களைக்கு எடை குறைந்த வீடர் ஒன்று. கைப்பிடி இறங்குகிறதா என்று பார்த்து வாங்குவதற்காக மதினியும் அண்ணனோடு சேரன்மகாதேவிக்குப் போகிறாள்.

அடுத்த காரில் மேட்டு வயல் ஒன்றில் மட்டும் ஒற்றை நாற்று போட்டுப் பார்க்கலாம் என்று அம்மை சொல்லியிருக்கிறாள். கை நடவைத் தவிர வேறெதையும் ஒத்துக்கொள்ளாதவள். செட்டில் இரண்டு பேருக்கு அது பழக்கமாம், அவர்களிடம் கேட்டுவிட்டாளாம்.

புரட்டாசி பிறந்ததும் வாரிசுச் சான்றுக்கு எழுதிக்கொடுக்கவேண்டும். என் ஆதார் நகலைக் கேட்டு அண்ணன் நேற்று போன் செய்தான். மூன்று நகல் எடுத்து வைத்திருக்கிறேன்.